மச்சான் வாசலில் பிடித்த பிரேக்

எங்கள் பிள்ளையார் கோயில் தீர்த்தத் திருவிழாவில், சாமி ஏறியிருந்த வாகனத்துக்கு முன்னால், நடுத்தெருவில், புது வேட்டியோடு நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கண்ணீர் விட்டுக் கும்பிட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கண்ணால் கண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காணாதவர்கள் அதைவிட விளக்கமாகச் சொல்வார்கள். விழுந்தது உண்மை. வேட்டி உண்மை. கண்ணீரும் ஒரு வகையில் உண்மைதான். கும்பிட்டது மட்டும் பொய். நான் அப்போது ஒரு நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

எழுபது வயது தாண்டிய பிறகு இனி எனக்கு என்ன மானம் என்று நினைத்து இதை எழுதுகிறேன். (இருக்கிறது என்கிறாள் மனைவி. என்னுடையது அல்ல, அவளுடையது.)

நான் திருகோணமலையில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஆண்டுதோறும் பாய்பொருள் அமுக்கம் என்ற பாடம் வரும்போது கரும்பலகையில் ஒரு மோட்டார் வாகனத்தின் பிரேக்கை வரைவேன். மிதி, பம்ப், குழாய், சில்லு. ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். அந்தப் படத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். உண்மையான பிரேக் ஒன்றைக் கையால் தொட்டதில்லை என்பது அப்போது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் கிண்ணியாவில் ஒரு வியாபாரியிடம் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். என்னைவிடச் சில வயது இளையது. அதன் பெயரை எழுதமாட்டேன். செய்த கம்பனி மேல் ஒரு பிழையும் இல்லை. அது அதற்கு முன் வத்தகப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது சரோசா (என் மனைவி) அதைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தாள்.

"பென்சன் எடுத்த கையோட ஒரு கிழவியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்."

"உருக்கு, சரோசா. தட்டிப் பார். இந்தக் காலத்தில இப்பிடி உருக்கு எங்கை கிடைக்கும்?"

"எனக்கேன் உருக்கு? நான் என்ன கப்பலே கட்டப் போறன்?"

உருக்கு நல்லதுதான். பிரேக்தான் சரியில்லை. நாலு சில்லிலும் பழைய டிரம் பிரேக். மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். மீன் சந்தைக்கு முன்னால் நிறுத்த நினைத்து மிதித்தால் பக்கத்து மருந்துக் கடைப் படியில் போய் நிற்கும். கடைக்காரர் முதலில் கோபித்தார். பிறகு நான் வருவதைக் கண்டதும் என் பிரஷர் மாத்திரையை எடுத்து வைக்கப் பழகிக்கொண்டார்.

இந்த இடத்தில் என் மச்சான் தருமலிங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

அவர் சரோசாவின் அண்ணன். தாய் தகப்பன் இல்லாமல் போன வீட்டில் தங்கச்சியைப் படிப்பித்து, எனக்குக் கட்டிக் கொடுத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, அந்த இரைச்சலில் காது மந்தமானவர். அவரிடம் ஒரு ஒலிபெருக்கிச் செற் இருந்தது. கோயிலில் என்ன விசேஷம் என்றாலும் காசு வாங்காமல் கொண்டுவந்து கட்டுவார். கட்டுகிற குழாய்களில் ஒன்று எப்போதும் எங்கள் வீட்டைப் பார்த்து இருக்கும். பின்னேரங்களில் என்னிடம் பிள்ளைகள் வகுப்புக்கு வருவார்கள். பக்திப் பாட்டு ஓடுகிற சத்தத்தில் நான் ஒளியியலைச் சைகையில் படிப்பித்தேன்.

நான் அப்போது கோயில் சபைச் செயலாளர். ஒருநாள் கூட்டத்தில் எழும்பி, நாற்பது பேருக்கு முன்னால் சொன்னேன்: "மச்சானுக்குக் காது கேளாது எண்டதுக்காக, அவருக்குக் கேக்கிற அளவுக்கு முழு ஊருக்கும் போடவேணும் எண்டில்லையே!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு நல்ல பெருமை. மச்சானுக்கு எத்தனையோ கதை கேட்பதில்லை, அது கேட்டுவிட்டது. அவர் எழும்பினார். வெளியே போய்க் குழாய்களைக் கழற்றினார். வயரை ஒழுங்காகச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிறகு கோயிலுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம். மூன்று தெரு தள்ளி வீடு. நான் "பகிடிதானே, அவர்தான் பெரிசாக எடுத்துவிட்டார்" என்று எனக்கே சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். சரோசா ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் சந்தைக்குப் போய் வரும்போது செய்தி கொண்டுவருவாள். "அண்ணை மாமரத்தின்ர கொப்பு வெட்டியிருக்கிறார்." "அண்ணை வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கு." எல்லாம் மதிலுக்கு மேலால் தெரிந்தவை. "உள்ளே போய்ப் பார்க்கலாமே" என்றால், "அவர் வரச் சொல்லேல்ல. நான் உங்கட பெண்சாதி. எப்பிடிப் போறது?" என்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை.

தீர்த்தத் திருவிழாவில் சாமி கோயிலில் இருந்து கடலுக்குப் போகும். வழியில் வீட்டு வாசல்களில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் சாமி நிற்கும், அர்ச்சனை நடக்கும். மச்சான் வீட்டுப் படலை மட்டும் பூட்டியிருக்கும். அந்த இடம் வந்ததும் மேளகாரர் கொஞ்சம் வேகமாக அடித்துக்கொண்டு நடப்பார்கள். எல்லோரும் எதிர்ப்பக்கம் பார்ப்பார்கள். சரோசா மட்டும் படலையைப் பார்த்துக்கொண்டு போவாள்.

இனிப் பிரேக்குக்கு வருகிறேன்.

சாமியை வழக்கமாக ஏற்றுவது ஒரு டிராக்டர்ப் பெட்டி. நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கு முந்திய வருடம் அது ஒரு வாசலில் குலுக்கி நின்றதில் பிள்ளையார் முன்னால் சரிந்தார். பிள்ளையாரை ஐயர் தாங்கிப் பிடித்தார். ஐயரை ஒருவரும் பிடிக்கவில்லை. சபைக் கூட்டத்தில், வேறு வாகனம் பார்க்கவேண்டும் என்று பேச்சு வந்தபோது நான் எழும்பினேன். (கூட்டத்தில் நான் எழும்பாமல் இருந்த நாட்களில் ஊருக்கு ஒரு கெடுதலும் நடந்ததில்லை என்பதை இப்போது கவனிக்கிறேன்.)

"என்ர பிக்கப் இருக்கு. முன்சில்லு இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போடப்போறன். பால் கிண்ணம் வைச்சாலும் தளும்பாது."

"டிஸ்க் எண்டா என்ன மாஸ்டர்?" என்று தலைவர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நான் விளங்கப்படுத்தி முடிக்கும்போது கூட்டத்தில் மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் தூக்கம்.

கண்டி வீதியில், கப்பல்துறையில், நசார் என்பவனுக்குக் கராஜ் இருக்கிறது. என்னிடம் படித்தவன். உடைந்துபோன ஜப்பான் வான் ஒன்றில் இருந்து டிஸ்க் இரண்டும், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற பாகங்களும் எடுத்து வைத்திருந்தான். பழைய டிரம்மைக் கழற்றினோம். லேத்தில் கொடுத்து இரும்புத் தட்டு வெட்டி, துளை போட்டு, டிஸ்க்கைப் பூட்டினோம். 'பூட்டினோம்' என்பது மரியாதைக்கு. நான் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பம்ப்புக்கு வந்ததும் நசார் தலையைச் சொறிந்தான்.

"சேர், பம்ப் அந்தக் காலத்து டிரம் பம்ப். டிஸ்க்குக்குக் காணுமா?"

நான் கராஜ் சுவரில் சோக்கால் படம் வரைந்தேன். மிதி, பம்ப், குழாய், சில்லு. அம்புக்குறி போட்டேன்.

"அமுக்கம் எல்லாப் பக்கமும் சமனாப் போகும். குழாயின்ர அந்தப் பக்கத்தில டிரம் இருக்கோ டிஸ்க் இருக்கோ எண்டு பம்ப்புக்குத் தெரியுமோ?"

"தெரியாது சேர்."

"அப்ப மாத்தத் தேவையில்லை. விளங்கினதோ?"

"விளங்கிச்சு சேர்."

அடுத்தது மிதி. "மிதில ஒரு விரல் அளவு தொய்வு விடுவமா சேர்?" என்று கேட்டான்.

"ஏன்?"

"எல்லாரும் விடுறதான்."

"எல்லாரும் செய்யிறது ஒரு காரணமே? தொட்ட உடன பிடிக்கவேணும். சாமி வாகனம். தொய்வு வேண்டாம்."

"சரி சேர்."

(நெடுநாள் கழித்து அவனிடம் கேட்டேன், 'அன்றைக்கு ஏனடா மறுத்துப் பேசவில்லை' என்று. "வகுப்புல இருந்த காலத்துலயும் அந்தப் படம் எனக்கு விளங்கல்ல சேர். அப்பயும் தலையாட்டினன். பழகிப் போச்சு" என்றான். முப்பது வருடம் படிப்பித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான மதிப்பீடு அது.)

பம்ப்புக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். டிரம் பிரேக்கில், மிதியை விட்ட பிறகு பிரேக் கட்டைகளைப் பின்னுக்கு இழுக்கப் பெலமான சுருள்வில் இருக்கும். அதனால் டிரம் பம்ப் எப்போதும் குழாயில் ஒரு சொட்டு அமுக்கத்தை மிச்சம் வைத்திருக்கும். டிஸ்க்கில் அந்தச் சுருள்வில் கிடையாது. மிச்சமாக நிற்கிற அமுக்கம் டிஸ்க்கைத் தடவிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல், மிதியில் தொய்வு இல்லாவிட்டால் போன பிரேக் ஒயில் திரும்பி வர வழியில்லை. மிதிக்க மிதிக்க உள்ளே சேர்ந்துகொண்டே போகும். இவ்வளவையும் நான் இப்போது அழகாகச் சொல்கிறேன்.

வெள்ளோட்டத்துக்குச் சரோசாவை ஏற்றிக்கொண்டு கப்பல்துறையில் இருந்து ஊருக்கு வந்தேன். திறந்த வீதி. நாலைந்து தரம்தான் பிரேக் பிடித்திருப்பேன். ஒவ்வொரு தரமும் வண்டி நேராக, மெத்தையில் இருந்தமாதிரி நின்றது. மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து ஏமாற்றத்தோடு பார்த்தார். வீட்டு வாசலில் இறங்கியபோது சரோசா மூக்கைச் சுளித்தாள்.

"என்னப்பா கருகுது?"

"புதுப் பிரேக். பழகுது."

"பழகிறதுக்கு ஏன் கருகவேணும்?"

"உனக்குப் பௌதிகம் விளங்காது."

தீர்த்தத்தன்று விடியவே பிக்கப்பைக் கழுவி, வாழை கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் தொங்கவிட்டார்கள். பின்னால் பிள்ளையாரும் ஐயரும். முன்னால் மேளம். பெண்கள் பக்கத்தில் சரோசா. ஓட்டுநர் இருக்கையில் வெறும் மேலோடு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நான். நசார் தான் பூட்டிய பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மோட்டார் சைக்கிளில் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் மரியாதையான தூரத்தில் உருட்டிக்கொண்டு வந்தான்.

முதல் வாசலில் நின்றேன். ஒரு பூவிதழ் விழவில்லை. ஐயர் பின் கண்ணாடியைத் தட்டி, "மாஸ்டர், அருமை!" என்றார். இரண்டாம் வாசல், மூன்றாம் வாசல். ஊர்வலத்தில் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் கூட. மேளகாரர் நின்றால் நிற்கவேண்டும், பிள்ளைகள் குறுக்கே ஓடினால் நிற்கவேண்டும், யாராவது கற்பூரம் கொண்டு ஓடி வந்தால் நிற்கவேண்டும். நான் தொட்டுத் தொட்டுப் பிடித்துக்கொண்டே போனேன். பாராட்டு வரவரத் தேவையில்லாத இடத்திலும் ஒரு தரம் பிடித்துக் காட்டினேன்.

பாதி வழியில் வண்டி பாரமாக இழுத்தது. பிள்ளையாரின் திருவுருவத்தை நினைத்து, பாரம் இருக்கத்தானே செய்யும் என்று இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தேன். ஒரு மணம் வந்தது. சாம்பிராணி என்று நினைத்தேன். (சாம்பிராணிக்கும் எரிகிற பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன் இரசாயனம் படிப்பிக்காதது பிள்ளைகளின் நல்ல காலம்.)

மச்சானின் தெரு. மச்சானின் வீடு. பூட்டிய படலை. மேளகாரர் வழக்கம்போலத் தாளத்தைக் கூட்டி நடந்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகு, படலைக்கு நேர் முன்னால், கோட்டைப் பக்கத்தில் இருந்து வந்து ஊருக்குள் மேய்கிற மான்களில் ஒன்று தெருவைக் குறுக்கே கடந்தது. பாதி கடந்ததும் யோசித்து நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். பிக்கப் அன்றைக்கு நின்றதிலேயே அழகாக நின்றது.

மான் என்னைப் பார்த்தது. வாழைமரத்தைப் பார்த்தது. கிட்ட வந்து தோரணத்தில் ஒரு வாய் கடித்துக்கொண்டு போனது. நான் பிரேக்கை விட்டு, கியரைப் போட்டு, வேகம் கொடுத்தேன். எஞ்சின் ஒரு தரம் உறுமி நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். மறுபடி நின்றது.

"என்ன மாஸ்டர்?" என்று தலைவர் ஓடி வந்தார்.

"ஒண்டுமில்லை. தள்ளுங்கோ."

இளந்தாரிகள் பத்துப் பேர் தள்ளினார்கள். பிறகு இருபது பேர். பின்சில்லு முனகியது. முன்சில்லு இரண்டும் தெருவோடு முளைத்த மாதிரி இருந்தன. கடலுக்குப் போகவேண்டிய சுபநேரம் போய்க்கொண்டிருந்தது. தலைவர் வேர்த்து விறுவிறுத்து, "சாமியை இறக்கித் தோளில கொண்டு போவமே?" என்றார்.

"நடு வழியில இறக்கக்கூடாது. அதுகும் இந்த வாசலில" என்று ஐயர் மேலே இருந்து சொன்னார். பிறகு 'இந்த வாசல்' என்று சொன்னதற்காகத் தானே சங்கடப்பட்டு வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் படலையைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடம் எதிர்ப்பக்கம் பார்த்துப் போன அத்தனை பேரும்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் எழும்பியது. என் வாழ்நாளில் அந்தக் குரலை அவ்வளவு உயரத்தில் நான் கேட்டதில்லை.

"பிள்ளையாரே! என்ர அண்ணையின்ர வாசலைத் தாண்டிப் போக உமக்கும் மனம் வரேல்லையோ!"

சரோசா.

பிறகு யாரோ "அரோகரா!" என்றார்கள். கூட்டம் முழுக்க "அரோகரா!" என்றது. அந்தச் சத்தம் காது மந்தமானவருக்கும் கேட்கிற சத்தம். படலை திறந்தது. சாரத்தோடு, தோளில் ஒரு துவாயோடு, மச்சான் வெளியே வந்தார். தன் வாசலில் பிள்ளையார் நிற்பதைப் பார்த்தார். கை தானாகக் குவிந்தது.

நான் என்ன செய்தேன்? மனிதனாக இருந்தால் இறங்கி நேரே அவரிடம் போயிருப்பேன். நான் இறங்கி நசாரிடம் போனேன்.

"பிரேக் பூட்டிக்கொண்டிட்டுதடா. கீழ படுத்து ஒருக்காப் பார்."

"மேல சாமி இருக்கு சேர். நான் போய்க் கீழ படுத்தா ஆக்கள் என்ன நினைப்பாங்க? நீங்க படுங்க." அவன் நட்டுத் திருகுகிற ஒரு சின்னச் சாவியை என் கையில் திணித்தான். "இடப்பக்கச் சில்லுக்கு உள்பக்கம் நட்டு மாதிரிச் சின்ன நிப்பிள் ஒண்டு இருக்கு. அரைச் சுத்துத் திறந்தாக் காணும். ஒயில் வெளியால வந்தா விட்டுரும். முகத்தைத் தள்ளி வைங்க சேர்."

சாவியை மறைக்க இடுப்புச் சால்வையை அவிழ்த்து அதில் சுற்றினேன். அரோகராச் சத்தத்தில் ஒருவருக்கும் கேளாமல் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, வாகனத்தின் முன் போனேன். குந்திப் பார்த்தேன், கை எட்டவில்லை. முழங்காலில் நின்று பார்த்தேன், எட்டவில்லை. கடைசியில் நெடுஞ்சாண்கிடையாகக் குப்புற விழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலால் நீட்டி, பம்பருக்குக் கீழே விட்டேன். அந்த நிலை பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது கரிபிடித்த ஒரு சில்லு மட்டும்.

"மாஸ்டர் விழுந்திட்டார்!" என்று ஒருவர் கூவினார்.

"விழுந்து கும்பிடுறாரடா!"

"அண்டைக்குச் சபையில கதைச்ச கதைக்கு!"

அரோகரா மூன்று மடங்கானது. நான் நிப்பிளைத் தேடிப் பிடித்துத் திருகினேன். நசார் முகத்தைத் தள்ளி வைக்கச் சொன்னது ஞாபகம் வந்த அதே நொடியில், சூடான பிரேக் ஒயில் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என் கண்ணில் பீச்சியது. மிளகாய்த் தூள் அதற்குப் பக்கத்தில் நிற்காது. கண்ணீர் ஆறாக ஓடியது. ஒயில் வடிந்ததும் தடவித் தடவி நிப்பிளை இறுக்கிப் பூட்டினேன். எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. கண் தெரியவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே கிடந்து விம்மினேன்.

என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து ஒருவர் தூக்கினார். கிரேன் ஓட்டிய மனிதர். கண் தெரியாவிட்டாலும் அந்தக் கையைத் தெரிந்தது.

"எழும்பும் மச்சான். போதும், எழும்பும்."

அப்போது என் வாயில் இருந்து ஒரு வசனம் வந்தது. நான் அதைத் தயார் பண்ணி வைத்திருக்கவில்லை. "மன்னிச்சுக்கொள்ளும் மச்சான்" என்றேன். அவருக்குக் கேட்கவேண்டுமே என்று இன்னொரு தரம், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அது சரி, முதல்ல வேட்டியைப் பிடியும்" என்றார் மச்சான். "கழருது."

பிறகு அவர் ஓடினார். "நிறைகுடம்! நிறைகுடம் வைக்கவேணும்!" என்று தன் வீட்டுக்குள்ளேயே வழி தெரியாதவர் போல அங்கும் இங்கும் ஓடினார். சரோசா படலைக்குள் நுழைந்தாள்.

"அண்ணை, குத்துவிளக்கு எங்கை?"

"பழைய இடத்தில தான், எங்கை போறது?"

அவள் நேரே உள்ளே போய், விளக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். அர்ச்சனை நடந்தது. மச்சான் தேங்காய் உடைத்தார். தீபாராதனை முடிந்து, கண்ணைக் கழுவிக்கொண்டு நான் ஏறி கியரைப் போட்டதும் பிக்கப் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. அன்றைக்குக் கிளம்பிய அரோகரா துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும். மிச்ச வழி முழுவதும் நான் பிரேக்கைத் தொடவில்லை, கைப்பிரேக்கை வைத்துச் சமாளித்தேன். சுபநேரம் முடிய முன் பிள்ளையார் கடலில் இறங்கினார்.

இதோடு விட்டிருக்கலாம். ஊர் என்னைப் பக்திமான் என்று சொல்லத் தொடங்கியது. மச்சான் கோயிலுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தார். சரோசா காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் அங்கே போனாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மச்சான் என்னைக் காணும்போதெல்லாம் கண் கலங்கினார். "நீர் விழுந்த விழுகை, மச்சான்!" என்பார். பொய்ச் சாட்சியில் வென்ற வழக்கு மாதிரி இருந்தது.

ஒருநாள் அவர் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அவர் காதுக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு சொல்லாக.

"மச்சான், அண்டைக்குப் பிள்ளையார் நிக்கேல்ல. பிரேக் பிடிச்சுக்கொண்டது. நான் பிழையாப் பூட்டுவிச்சனான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நீர் விழுந்து கும்பிட்டது?"

"கும்பிடேல்ல. நட்டுக் கழட்டினனான்."

"கையில சால்வை வைச்சிருந்தீர்."

"அதுக்குள்ள சாவி."

"கண்ணீர் விட்டீர். நான் கண்டனான்."

"பிரேக் ஒயில், மச்சான்."

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் ஒரு படி இறங்கியது. குசினியில் சரோசாவும் மச்சானின் மனைவியும் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை இரண்டாம் தரமும் நானே நிறுத்தப்போகிறேன் என்று நினைத்தேன். கூட்டத்தில் எழும்பிப் பேசியவன், விறாந்தையில் உட்கார்ந்து பேசியும் கெடுத்துவிட்டேன்.

மச்சான் கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்:

"தூக்கேக்க 'மன்னிச்சுக்கொள்ளும்' எண்டு சொன்னீர். இரண்டு தரம். அதுவும் பிரேக்கோ?"

"இல்லை" என்றேன். "அது பிரேக் இல்லை."

"அப்ப காணும்." அவர் கோப்பையை எடுத்துக்கொண்டார். "மிச்சத்தை நீர் பேசாமல் விட்டிருக்கலாம். நல்ல கதையாயிருந்தது."

வீட்டுக்கு வந்து, இதைச் சரோசாவுக்கும் சொல்லிவிடவேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பிரேக் எண்டு எனக்கு அங்கையே தெரியும்."

"எப்பிடி?"

"மணத்தில. பழகுது எண்டியள். பௌதிகம் விளங்காட்டிலும் மூக்கு இருக்குத்தானே."

"தெரிஞ்சுகொண்டே அப்பிடிக் கத்தினாய்?"

"பின்னை? நீங்கள் காலத்துக்கும் மன்னிப்புக் கேக்கமாட்டியள். அண்ணை காலத்துக்கும் படலை திறக்கமாட்டார். நான் எத்தினை வருசம் மதிலை எட்டிப் பாக்கிறது?" அவள் மீனைக் கழுவிச் சட்டியில் போட்டாள். "பிள்ளையார் கோவிக்கமாட்டார். அவர் நிண்டதில ஒரு பொய்யும் இல்லை. நிண்டவர்தானே?"

நசார் புதுப் பம்ப் பூட்டினான். மிதியில் ஒரு விரல் தொய்வு விட்டான். இந்த முறை நான் ஏன் என்று கேட்கவில்லை. வண்டி இப்போது பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்கும், விடவேண்டிய இடத்தில் விடும். எனக்கு வந்த தொல்லையே அதுதான்.

ஏனென்றால், அடுத்த வருடத் திருவிழாவுக்கு முன் சபை கூடித் தீர்மானித்தது: சாமி இனி மாஸ்டரின் பிக்கப்பில்தான் போவார், தருமலிங்கத்தார் வாசலில் அவர் விரும்பின நேரம் வரைக்கும் நிற்பார், யாரும் அவசரப்படுத்தக்கூடாது. அந்த இடத்தில் தெரு கொஞ்சம் சரிவு. நான் பிரேக்கை மிதித்தபடியே இருந்தால்தான் பிள்ளையார் நிற்பார். முதல் வருடம் கைப்பிரேக்கை இழுத்தேன். அது 'கிரீச்' என்று ஊருக்கே கேட்டது. மச்சான் படலையில் நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு வந்து ஜன்னலுக்குள் குனிந்து சொன்னார்: "கையால நிப்பாட்டினா எல்லாருக்கும் தெரியுமெல்லோ. காலால நிப்பாட்டும்."

இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதும்" என்றார். "ஆரும் நம்பப் போறதில்லை."

இந்த வருடமும் போனோம். அர்ச்சனை முடிந்தது. ஐயர் தீபத்தை வைத்துவிட்டார். மேளகாரர் தேத்தண்ணி குடித்துவிட்டார்கள். என் வலது கால் தொடையில் இருந்து நடுங்கத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். படலைக்குள் அண்ணனும் தங்கச்சியும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சார் சரோசா, காலை எடுக்கட்டோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

சரோசா திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம் பிடியுங்கோ. நாங்கள் கதைச்சு முடிக்கேல்ல."

பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் கனடாவில் இருந்து மகள் தொலைபேசியில் வந்தாள். வருடாவருடம் அன்றைக்குத் தவறாமல் எடுப்பாள். எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வியும் வருடாவருடம் ஒன்றுதான். பிள்ளையார் இந்த முறை அரை மணித்தியாலம் நின்றார் என்று ஊர் அதிசயப்பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்பதில்லை.

"அம்மா, அப்பா இந்த முறை எவ்வளவு நேரம் நிண்டவர்?"